ஓசி டிக்கெட்

எங்கள் ஆம்பூரில் லெதர் ஷூ போட்டு நடப்பவர்களைவிட, செய்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் 28 வருஷம் பேக்கிங் செக்‌ஷன். அவர் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொடுத்த சாம்பிள் ஷூக்கள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பறந்தன. அவர் பறந்ததில்லை.

"ஒரு தடவை பிளேன்ல ஏறிப் பாத்துடணும்டா" என்பார்.

பி.காம். படித்த பிள்ளை சும்மா இருப்பேனா? பாயின்ட் தரும் கிரெடிட் கார்டு வாங்கினேன். அதற்கப்புறம் நான் மனுஷனாகவே இல்லை, ஸார்! நண்பர்களோடு பிரியாணி சாப்பிட்டால், "காசை எங்கிட்ட குடுங்க, கார்டை நான் தேய்க்கிறேன்" என்று குதிப்பேன். மச்சான் ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் வேலூர் வரை பின்னாலேயே போவேன்.

நாலு வருஷத்தில், சென்னையிலிருந்து கோவைக்கு ரெண்டு டிக்கெட் தேறியது.

"போலாமா?"

"இருங்கப்பா... இன்னும் கொஞ்சம் சேந்தா டெல்லியே போலாம்."

அங்கேதான் சறுக்கினேன். டெல்லியை நெருங்கும்போது தேவையான பாயின்ட்டை ஏற்றிவிட்டார்கள். என் பழைய பாயின்ட்டில் ஒரு பங்கு காலாவதி! அதற்குள் அப்பாவின் முழங்காலும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது.

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிவைத்த வித்தை இது. பிற்பாடு ஏர் இந்தியாவும் 'ஃப்ளையிங் ரிட்டர்ன்ஸ்' கொண்டுவந்தது. காலேஜில் படித்தது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. நம் பாயின்ட், கம்பெனிக் கணக்கில் பொறுப்புப் பக்கம் நிற்கும். அதாவது, அவர்கள் நமக்குத் தர வேண்டிய பாக்கி. நாம் மறந்தால் அது அவர்களுக்கு வருமானம். பாக்கியின் மதிப்பைத் தீர்மானிப்பதும் பாக்கிதாரரே! மளிகைக் கடையில் கடன் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, இனிமே என் நூறு ரூபா பாக்கி எழுபதுதான்" என்று சொல்லிப் பாருங்களேன்!

அன்றைக்கு ராத்திரியே கோவைக்கு ரெண்டு டிக்கெட் போட்டேன். ஓசி டிக்கெட்டானாலும் வரி, விமான நிலையக் கட்டணமெல்லாம் கைக்காசுதான். அதிகாலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை. ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி. ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பா வாயே திறக்கவில்லை. இறங்கியதும் கேட்டார்:

"அவ்ளோதானா? ஷூவெல்லாம் இன்னும் ரொம்ப நேரம் பறக்கும்ல?"

என் கணக்கில் பாயின்ட் இப்போது பூஜ்யம். போர்டிங் பாஸ் மட்டும் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது, டிஷ்யூ பேப்பர் சுற்றி. பேக்கிங் செக்‌ஷன் ஆச்சே!