ஜீரோ வேறு, காலி வேறு!

நம் ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம். வழி கேட்டால் 'தெரியாது' என்று சொல்லவே மாட்டார்கள். 'நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க' என்பார்கள். அந்த நேர் எங்கே முடிகிறது, அந்த லெஃப்ட் எங்கே இருக்கிறது என்பது சொன்னவருக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது. ஆனாலும் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற பெருந்தன்மை!

கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. யாராவது தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தால்தான் அது வழி சொல்லும். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற புரோகிராமுக்குப் பெயர் டேட்டா ரீடர். அதில் ஒன்றைத்தான் ஆறு மாசம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். 'பி.காம். படிச்சுட்டு பத்திரிகைக்கு எழுதற ஆளுக்கு இது எதுக்கு ஸார்?' என்கிறீர்களா? எல்லாம் சித்தப்பாவால் வந்தது.

சித்தப்பா மதுரையில் சோப்பு, பிஸ்கட் மொத்த ஏஜென்ஸி வைத்திருக்கிறார். நான் அங்கே கணக்கு எழுதுகிறேன். (பத்திரிகையிலிருந்து செக் வரும்வரை சாப்பிட வேண்டாமா?) ஏஜென்ஸியில் இரண்டு குட்டி யானைகள். பயப்படாதீர்கள், டாடா ஏஸ் வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த செல்லப் பெயர்தான். அதில் ஒன்றுக்குப் பாகன், எங்கள் டிரைவர் அண்ணன். வயசு 58. மதுரையில் அவருக்குத் தெரியாத சந்து இனிமேல் கட்டினால்தான் உண்டு.

ஒரு நாள் சித்தப்பா கூப்பிட்டார். "ஏண்டா, கம்ப்யூட்டர்லயே ரூட்டு போட்றலாமாமே? அது வழி சொல்லிருச்சுன்னா, வழி தெரிஞ்ச டிரைவர் எதுக்கு? ஓட்டத் தெரிஞ்ச பையன் போதும். பாதிச் சம்பளம். தீபாவளியோட அண்ணனுக்கு வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து அனுப்பிரலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சம்பளம் கொடுக்கிற சித்தப்பா ஆயிற்றே. தலையாட்டிவிட்டு வந்தேன்.

விசாரித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை. குறைந்த தூரத்து வழியைக் கண்டுபிடிக்கிற கணக்கை டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-லேயே போட்டுவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் தனக்கு நிச்சயம் ஆன பெண்ணோடு கடைத்தெரு சுற்றிக் களைத்து, காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில், பேனா பேப்பர் இல்லாமல் 20 நிமிஷத்தில்! (அந்தப் பெண் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் என் கவலை.) 1959-ல் அது அச்சில் வந்தது. மேப்புக்கும் பஞ்சமில்லை. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பித்த ஓபன் ஸ்ட்ரீட் மேப் இருக்கிறது. உலகம் முழுக்கப் பொதுஜனங்களே வரைந்து, காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். அதைப் படித்து வழி சொல்ல ஜெர்மனியில் ஆரம்பித்த கிராஃப்ஹாப்பர் என்ற ஜாவா சாஃப்ட்வேர். அதுவும் இலவசம்.

அப்புறம் நான் எழுத என்ன பாக்கி? இருந்தது. குட்டி யானையின் அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். மதுரையின் பல சந்துகளுக்கு மேப்பில் யாரும் அகலம் எழுதவில்லை. சித்தப்பாவோ சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சர்வேக்காரருக்குப் பணம் கொடுத்து, ஏரியா முழுவதையும் அகலத்தோடு வரைந்து வாங்கி வைத்திருந்தார். அது ஷேப் ஃபைல் என்ற வேறு ஜாதி. இலவச சாஃப்ட்வேருக்குப் புரிந்தது ஓபன் ஸ்ட்ரீட் மேப் பாஷை மட்டும். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து, இதைப் படித்து அதற்குப் புரியவைக்க ஓர் ஆள் வேண்டும். அதுதான் டேட்டா ரீடர்.

கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். ஷேப் ஃபைல் என்பது மூட்டையாகக் கட்டிய பில்கள். வழி சொல்லும் சாஃப்ட்வேர் என்பது பேரேடு. பில்லைப் பார்த்துப் பேரேட்டில் பதிகிற குமாஸ்தாதான் ரீடர். இருவழித் தெரு என்றால் டபுள் என்ட்ரி, போக ஒன்று, வர ஒன்று. ஒருவழிப் பாதை என்றால் பற்று மட்டும், வரவு கிடையாது. பி.காம். வீண் போகவில்லை, பார்த்தீர்களா!

ஆனால் இந்தப் பில்களில் பொடி வைத்திருக்கும். ஷேப் ஃபைலில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை அடுத்து. சாஃப்ட்வேர் கேட்பதோ அட்சரேகையை முதலில். திருப்பிப் போடாமல் விட்டால் 9.92, 78.12 என்று இருக்க வேண்டிய மீனாட்சியம்மன் கோயில், 78.12, 9.92 ஆகி, நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கில் பனிக்கடலில் போய் நிற்கும். அம்மனுக்கு ஸ்வெட்டர் சாத்த வேண்டியதுதான்!

அதைவிடப் பெரிய தலைவலி, தெருக்கள் சந்திக்கிற இடம். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் இரண்டு தெரு சேர்ந்தால், சேரும் புள்ளிக்கு ஒரே நம்பர் கொடுத்து இரண்டும் பகிர்ந்துகொள்ளும். ஷேப் ஃபைலில் அந்த நம்பர் இல்லை. வெறும் கோடுகள். வரைந்தவர் கை ஒரு சென்டிமீட்டர் நடுங்கியிருந்தால், ஏழாவது தசமத்தில் ஓர் எண் மாறும். நம் கண்ணுக்கு அது சந்திப்பு. கம்ப்யூட்டருக்கு நடுவிலே அகழி! சரி, கிட்டத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்துவிடு என்று தாராளமாக இரண்டு மீட்டர் கொடுத்தால், சுவருக்கு இந்தப் பக்கத்து முட்டுச்சந்தும் அந்தப் பக்கத்து முட்டுச்சந்தும் கைகுலுக்கிக்கொள்ளும். வண்டி சுவரை இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வெட்டிக்கொள்கிற கோடெல்லாம் சந்திப்பு என்று எழுதினாலோ, மேம்பாலத்தில் போகும் வண்டியைக் கீழே உள்ள ரோட்டில் குதிக்கச் சொல்லும்.

இதையெல்லாம் ஒருமாதிரி சமாளித்தேன். கடைசியில் ஒரு கட்டத்தில் வந்து நின்றேன். நிஜமாகவே கட்டம்தான். அகலம் எழுத வேண்டிய பல கட்டங்களில் ஒன்றுமே எழுதவில்லை. அளக்க முடியவில்லையோ, வெயில் அதிகமோ, சர்வேக்காரர் விட்டுவிட்டார். காலியை ஜீரோ என்று படித்தால் அந்தச் சந்தே அடைபட்டுப் போகும். 'பரவாயில்லை, போ' என்று படித்தால் வண்டி சொருகிக்கொள்ளும். கணக்கில் முதல் பாடமே இதுதான் ஸார். ஜீரோ என்றால் பாக்கி இல்லை. காலி என்றால் யாரும் இன்னும் எழுதவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பப் போகிறோம்.

இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் தப்பித்தேன். மூன்றாம் நாள் டீ வாங்கிக்கொண்டு அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "முதலாளி சொல்லிட்டாரு தம்பி, தீபாவளியோடன்னு. அது கெடக்கட்டும். என்னமோ சந்துக் கணக்கு முடியலயாமே? காட்டுங்க."

"அண்ணே... நீங்க எதுக்கு..."

"தப்பா இருந்துச்சுன்னா ஓட்ட வர்ற பயதானே மாட்டிக்கிட்டு முழிப்பான்? அவன் என்ன பாவம் பண்ணான்?"

எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. டீயைக் குடித்துச் சமாளித்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்தோம். நான் கட்டத்தைக் காட்டுவேன், அவர் சொல்வார். "இதுல வண்டி உள்ள போகும் தம்பி, வெளிய வராது." எப்படிப் பதிவது? திரும்ப இடமில்லை என்று தனியாக ஒரு கட்டம் திறந்தேன். "இது பத்து மணிக்கு மேலதான் ரோடு. அதுக்கு முன்னாடி லாரியில சரக்கு எறக்குவான்." இன்னொரு கட்டம். "தரைப்பாலமா? வைகையில தண்ணி தொறந்தா மறந்துருங்க." இன்னொன்று. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடும் நாள், வண்டி நுழையக்கூடாத சித்திரை வீதிகள்... சர்வேக்காரர் டேப்பு பிடித்து அளந்த ஊர் ஒன்று, அண்ணன் சொன்ன ஊர் இன்னொன்று. வவுச்சரில் கையெழுத்து வாங்குவது மாதிரி, ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று ரீடரில் பதியவைத்தேன். பக்கம் பக்கமாக ஒரே பெயர்.

அந்தப் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன்.

"சித்தப்பா, வண்டிக்குத் தேய்மானம் போடுறோமில்ல? மேப்புக்கும் தேய்மானம் உண்டு. போன வாரம் பைப்பு போடத் தோண்டுன தெரு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா ஒரே வருஷத்துல இது பழைய பேப்பர்."

"சொல்றதுக்கு ஆள் போடணுங்கிற. என்ன சம்பளம் ஆகும்?"

"இப்ப குடுக்கிறதுதான்."

சித்தப்பா வியாபாரி. ரொம்ப நேரம் பேப்பரைப் புரட்டினார். எல்லா வரியிலும் ஒரே பெயர் இருப்பதைப் பார்த்தார். கடைசியில், "சரி, இருக்கட்டும்டா" என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தூசிதான் என்று நினைக்கிறேன்.

தீபாவளி வந்து போயிற்று. வேட்டி சட்டை வந்தது, ஆனால் வழியனுப்புகிற வேட்டியாக இல்லை. ரூட் ஷீட் தினமும் காலையில் பிரிண்ட்டாகி வருகிறது. அண்ணன் அதை வாங்கி, கண்ணாடி போட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரு பரவால்லயே, சரியாத்தான் சொல்லுது" என்று எனக்கு சர்டிஃபிகேட் கொடுக்கிறார். இரண்டாவது வண்டி ஓட்டும் பையனும் அதே ஷீட்டைப் பார்த்துத்தான் போகிறான். இதுவரை எந்தச் சந்திலும் சொருகவில்லை.

ஒரே ஒரு கட்டம் மட்டும் பாக்கி. தெற்குப் பக்கம் ஒரு சின்னச் சந்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார். போன வாரம் விடாமல் கேட்டேன். சிரித்தார்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. வண்டி போகுமான்னும் தெரியும், எப்படிப் போகணும்னும் தெரியும். அது ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கட்டுமே."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரீடர் அதைப் படிக்கும்போது, இன்றைக்கும் சரியாகவே பதிகிறது. ஜீரோ என்று இல்லை, காலி என்று.