தோளில் விழுந்த பள்ளம்

உலகத்துக்கே உள்ளாடை தைத்து அனுப்பும் ஊர் திருப்பூர். அந்தக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களிடம் போய், "உங்க பிரா அளவு சரியானதுதானா, அளந்து பார்த்ததுண்டா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

அவிநாசிபாளையத்திலிருந்து தினமும் வேனில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் அந்த அக்காவும் அப்படிச் சிரித்தவர்தான். வயது 43. செக்கிங் வேலை. நின்றபடி, குனிந்தபடி பீஸ் பார்க்க வேண்டும். ஒன்றரை ஷிஃப்ட் ஓடும் நாட்களில் கழுத்தும் தோளும் கல்லாய்க் கனக்கும். தைலம் தேய்த்தார், மாத்திரை போட்டார், எக்ஸ்-ரேயும் எடுத்தார். எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். பிரா பட்டை அழுத்தித் தோளில் விழுந்திருந்த பள்ளத்தையும், கோடையில் மார்புக்கு அடியில் வெந்து சிவக்கும் தோலையும் மட்டும் அவர் யாரிடமும் காட்டவில்லை. ஒருமுறை மாமியாரிடம் சொன்னதற்கு, "ரெண்டு புள்ளைக்குப் பால் குடுத்த ஒடம்பு, அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்று பேச்சு முடிந்துவிட்டது.

மாமியார் சொன்னது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் பால் கொடுப்பதால் மார்பு தளர்வதில்லை. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகப் பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கர் 2007-ல் இதைப் பற்றிய ஆய்வு முடிவை வெளியிட்டார். வயது, எத்தனை முறை கர்ப்பம், உடல் பருமன், புகைப்பழக்கம், முன்பே மார்பு பெரிதாக இருந்தது ஆகியவைதான் காரணங்களாகத் தெரிந்தன. தாய்ப்பால் அந்தப் பட்டியலில் இல்லை.

வெந்த தோலுக்காகப் போன இடத்தில்தான் தோல் டாக்டர் அவரைப் பிளாஸ்டிக் சர்ஜனிடம் அனுப்பினார். "அழகு டாக்டர்கிட்ட எனக்கென்னங்க வேலை?" என்று தயங்கித் தயங்கித்தான் போனார். அங்கே அந்தப் பெண் டாக்டர் முதலில் கையில் எடுத்தது கத்தியை அல்ல, இஞ்ச் டேப்பை! மார்புக்குக் கீழே 34 அங்குலம், மார்பின் மேல் 39. அவர் வருஷக்கணக்காக வாங்கி வந்ததோ 38 பி. சுற்றளவு பெரிது, கப் சிறிது. வேண்டியது 34 டிடி.

மார்பகத்துக்குள் தசை கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். அவற்றைத் தாங்குவது தோலும், 'கூப்பர் நார்கள்' எனப்படும் மெல்லிய இழைகளும். அதனால் தூக்கிக் காட்டும் என்று விற்கும் எந்தக் கிரீமும் எண்ணெயும் பலன் தராது. பிராவிலும் பாரத்தைத் தாங்க வேண்டியது தோள்பட்டை அல்ல, மார்புக்கு அடியில் சுற்றி வரும் பட்டைதான். இரண்டு கையையும் மேலே தூக்கினால் அது ஏறிவரக் கூடாது. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் போதும். புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியிலேயே கச்சிதமாக இருக்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்கு மாறிக்கொள்ளலாம். எலாஸ்டிக் எப்படித் தளரும் என்பதை மட்டும் திருப்பூர்க்காரருக்கு டாக்டர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்று மாதத்தில் தோல் ஆறியது. கழுத்து வலி பாதியானது. மீதி வலி போகவில்லை. அப்போதுதான் மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. "இந்த வயசுல அழகு ஆபரேஷனா? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார் கணவர்.

இதே கேள்வியை 2018-ல் அரசாங்கத்திடமும் கேட்டார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகியல் அறுவையை இலவசமாகச் செய்யத் தொடங்கியபோது, ஏழைகளுக்கு இது தேவையா என்று விமர்சனம் கிளம்பியது. ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று திருப்பிக் கேட்டார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். தோள்வலி, முதுகுவலி தீர மார்பைக் குறைக்கச் சொல்லி வரும் பெண்களைச் சுட்டிக்காட்டினார் துறைத் தலைவர் ரமாதேவி. வெளிநாட்டுப் பத்திரிகைகளோ இலவச 'இம்ப்ளான்ட்' என்று தலைப்புப் போட்டன. வலியோடு வருகிறவர்கள் அந்தத் தலைப்பில் காணாமல் போனார்கள்.

பயத்துக்குக் காரணமில்லை என்றும் சொல்ல முடியாது. பிரான்சின் பிஐபி கம்பெனி தொழிற்சாலை சிலிக்கானை அடைத்து விற்றது 2010-ல் அம்பலமானது. ஒருவகை அரிய புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால், அலர்கான் கம்பெனியின் சொரசொரப்பான இம்ப்ளான்ட்டுகள் 2019-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டன. மார்பைக் குறைக்கும் அறுவையில் உள்ளே எதுவும் வைப்பதில்லை என்பதால் அந்த ஆபத்து இதில் இல்லை. ஆனால் தழும்பு நிச்சயம் இருக்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம். பின்னால் பால் கொடுப்பது சிரமமாகலாம். டாக்டர் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டார். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், மேமோகிராம் எடுக்க வேண்டும், எடுத்த சதை பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றார். செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா, மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா, அவசர வசதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். பார்லரில் 'ஊசி போட்டே சரி பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பதையும் இரண்டு தடவை சொன்னார்.

தீபாவளி போனஸ் வந்ததும் தேதி வாங்குவதாக இருக்கிறார். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதாம். அந்த ஆறு வாரச் சம்பளத்துக்கு என்ன செய்வது என்றுதான் இப்போது வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணவர்தான் நோட்டில் எழுதுகிறார்.