தேய்மானக் கணக்கு

பி.காம். படித்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் தேய்மானத்தை மறக்க மாட்டார்கள். ஒரு லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்குகிறீர்கள். பத்து வருஷம் உழைக்கும். வருஷத்துக்குப் பத்தாயிரம் என்று கழித்தால் நேர்கோட்டு முறை. மிச்ச மதிப்பில் சதவீதம் போட்டுக் கழித்தால் குறைந்து செல் மதிப்பு முறை. இரண்டில் எதுவானாலும் ஏட்டில் மெஷின் இளைத்துக்கொண்டே போகும். பட்டறையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டிய ஒரு மெஷினைச் சமீபத்தில் பார்த்தேன். அது ரெக்கார்டு பிளேயர். மெஷினை ஒழுங்காக வைக்காவிட்டால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. அதில் போடுகிற இசைத்தட்டுதான் தேயும். தட்டு உங்கள் அப்பாவுடையது என்றால், மாற்று வாங்கக் கடையே கிடையாது.

மெஷின் என்னுடையது இல்லை. என்னோடு பி.காம். படித்து, என்னைப்போல் பத்திரிகைக்கு வந்து கெட்டுப்போகாமல் ஆடிட்டர் ஆன நண்பனுடையது. டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200ஜி. 2016-ல் வெளிவந்தபோது அமெரிக்காவில் இதன் விலை சுமார் 4,000 டாலர். இவன் எவ்வளவு கொடுத்தான் என்று எழுத மாட்டேன். அவன் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறார்.

இந்தக் காலத்தில் யார் ரெக்கார்டு கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் 2020-ல் இசைத்தட்டு விற்பனையின் வருமானம் சி.டி.யைத் தாண்டிவிட்டது, 1986-க்குப் பிறகு முதல் முறையாக. 1972-ல் பிறந்த இந்த 1200 வரிசையை 2010-ல் மூடுவிழா நடத்தி நிறுத்தினார்கள். ஆறு வருஷம் கழித்து மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள். செத்துப் பிழைத்த மெஷின்.

"டேய், உங்கப்பா ரெக்கார்டையெல்லாம் தூக்கிட்டு வா. போட்டுக் கேட்டுடலாம்" என்றான்.

"வர்றேன். முதல்ல உன் மெஷினை ஆடிட் பண்ணணும்" என்றேன்.

கடைக்காரர் அனுப்பிய ஆள் பத்தே நிமிஷத்தில் எல்லாம் மாட்டிக் கொடுத்து, காபி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். பத்து நிமிஷ வேலை இல்லை அது. எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. உங்கள் வீட்டிலும் ஒரு பிளேயர் இருந்தால், பல லட்சமோ பத்தாயிரமோ, இதே வரிசைதான்.

முதலில் மட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற ரசமட்டத்தைத் தட்டின்மேல் வையுங்கள். குமிழ் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மெஷினின் காலைத் திருகிச் சரி செய்யலாம். மேஜை கனமாக, ஆடாமல் இருக்கவேண்டும். ஸ்பீக்கரை அதே மேஜையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்குப் போய், ஊசி அதையும் பாட்டு என்று நினைத்துப் பாட ஆரம்பித்துவிடும். ஆடிட்டர் வீட்டில் 18 கிலோ மெஷின் ஒரு நாகரிகமான கண்ணாடி டீப்பாயில் உட்கார்ந்திருந்தது. பாட்டி காலத்துத் தேக்கு மேஜைக்கு இடம் மாற்றினோம். டீப்பாய் மனைவியின் தேர்வு என்பதால் இதற்கே அரைமணி நேரப் பேச்சுவார்த்தை.

அடுத்தது ஊசி உட்காரும் கோணம். இசைத்தட்டுக்கு மூலப்பிரதி வெட்டும்போது, வெட்டும் ஊசி ஓரத்திலிருந்து மையத்துக்கு நேர்கோட்டில் நகரும். நம் வீட்டு பிளேயரில் ஊசிக்கை ஒரு முனையில் கட்டப்பட்டிருக்கிறது. அது வில்போல வளைந்துதான் நகர முடியும். நேராக வெட்டிய பாதையில் வளைந்து போனால் எல்லா இடத்திலும் சரியாகப் பொருந்துமா? பொருந்தாது. அதிகபட்சம் இரண்டே இடத்தில் பொருந்தும். அந்த இரண்டு இடத்தை எங்கே வைத்தால் மற்ற இடங்களில் பிசகு குறையும் என்று 1938-ல் லோஃப்க்ரென் கணக்குப் போட்டார். 1941-ல் பேர்வால்ட் போட்டார். பரவலாகப் புழங்கும் கணக்கில், மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர் ஒன்று, 120.9 மில்லிமீட்டர் ஒன்று. இதை அச்சடித்த காகித அளவுகோலைத் தட்டில் வைத்து, கார்ட்ரிட்ஜின் இரண்டு திருகையும் தளர்த்தி, முன்னே பின்னே நகர்த்திப் பொருத்த வேண்டும். மயிரிழை வித்தியாசம் காதில் விழும். முக்கியமாகக் கடைசிப் பாட்டில். எல்.பி.யின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பாதை ஓடுகிறது. உள் ஓரத்தில் 20 சென்டிமீட்டர்தான். அதே விநாடிப் பாட்டைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதியிருப்பதால், கோணம் பிசகினால் அங்கேதான் முதலில் கரகரக்கும்.

பிறகு எடை. இங்கேதான் ஆடிட்டில் மாட்டியது. நண்பன் மாட்டியிருந்தது டென்மார்க்கின் ஆர்டோஃபோன் 2எம் ப்ளூ. அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் எடை 1.8 கிராம். ஊசி எடை பார்க்கும் குட்டி எலக்ட்ரானிக் தராசில் இறக்கினால் 1.3 காட்டியது. கடை ஆளுக்குப் போன் போட்டோம்.

"லேசா இருந்தா ரெக்கார்டு தேயாது சார்" என்றார் அவர்.

கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? உண்மை நேரெதிர். எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் ஒழுங்காக உட்காராது. சத்தம் கூடுகிற இடத்தில் துள்ளும். துள்ளிக் கீழே விழும்போது சுவரை இடிக்கும். ஊசிமுனை தொடுகிற இடம் அவ்வளவு சிறியது என்பதால், 1.8 கிராம்கூட சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் அழுத்தம் ஆகிறது. அதுவே இடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சொன்ன எடையில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். குறைத்தால் கொத்தும். ரொம்பக் கூட்டினால் உழும். ஆகவே கையைச் சமநிலையில் மிதக்கவிட்டு, அங்கே எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு 1.8 வைத்தோம். கை உள்பக்கம் இழுக்கப்படுவதைத் தடுக்க ஒரு எதிர் இழுவைக் குமிழ் இருக்கிறது. அதையும் கிட்டத்தட்ட அதே எண்ணில் வைத்தோம். மெஷினிலிருந்து வரும் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும், அதுவரை பின்னணியில் இருந்த 'ம்ம்ம்' நின்றது.

இப்போது ஊசியின் ஆயுள். கவனித்துக்கொண்டால் 1,000 மணி நேரம் என்கிறது ஆர்டோஃபோன். தினம் ஒரு எல்.பி. கேட்டால் மூன்றரை வருஷத்துக்கு மேல் வரும். எல்.பி.யின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நூல்போல் நீட்டினால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். ஆக, ஆயிரம் மணி நேரத்தில் ஊசி சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பும் வழியில் திண்டிவனம் பக்கம் வந்திருக்கும். அங்கே இறக்கிவிட்டு வேறு ஊசி மாற்றுங்கள். தேய்ந்த ஊசி மழுங்குவதில்லை, இரண்டு பக்கமும் உளிபோல் கூர்மையாகிறது.

வழியெல்லாம் தூசி வேறு. ஒவ்வொரு முறையும் போடுமுன் கார்பன் இழை பிரஷ்ஷால் தட்டைத் துடையுங்கள். ஊசியைப் பின்னிருந்து முன்னாகத் துடையுங்கள், பக்கவாட்டில் அல்ல. பூஞ்சை பிடித்த தட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கழுவலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்தில் தங்கும். பழைய 78 தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, கரைந்துவிடும். அவற்றின் பள்ளம் அகலமானது என்பதால் எல்.பி. ஊசியும் ஆகாது, தனி ஊசி வேண்டும். எல்லாத் தட்டையும் புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குங்கள். மே மாதத்துப் பரண் கூடவே கூடாது. அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

எல்லாம் முடிய மாலை ஐந்தரை. பிறகுதான் என் பையைத் திறந்தேன்.

அப்பாவுக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அவரிடம் இருந்தது நாற்பதுக்குள்தான். எம்.எஸ்.ஸின் 1963 சுப்ரபாதம், 'திருவிளையாடல்' கதை வசனம், இப்படி. எல்லாவற்றிலும் அவர் உயிராக வைத்திருந்தது காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம், ஒரு சின்ன 45 தட்டு. காருகுறிச்சியார் 1964-ல் காலமானபோது அப்பாவுக்குப் பதினெட்டு வயது. பக்கத்து ஊர்க்காரர் என்பதால் வீட்டு மனுஷர் போனமாதிரி சொல்வார். அப்பாவின் பிளேயர் பெட்டி வடிவத்தில் மூடிவைக்கிற ரகம். அந்த ரகத்தில் ஊசி ஐந்தாறு கிராம் அழுத்தும். போதாததற்கு ஊசி துள்ளாமலிருக்க மேலே ஒரு எட்டணாவை வைத்திருப்பார். அன்று எல்லார் வீட்டிலும் அதுதான் டெக்னாலஜி.

ஆகவே பெரிதாக எதிர்பார்க்காமல்தான் போட்டேன். முதல் பிடியிலேயே ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒத்து தனியாகக் கேட்டது. தவில் தனியாகக் கேட்டது. மூச்சு எடுக்கிற இடம் கேட்டது. அப்பாவின் உருண்டை ஊசி தேய்த்தது பள்ளச் சுவரின் ஒரு உயரத்தை. இந்த நீள்வட்ட ஊசி கொஞ்சம் வேறு உயரத்தைத் தொடுகிறது. அங்கே தேயாத சுவர் மிச்சம் இருந்திருக்கிறது. ஐம்பது வருஷமாக யாரும் படிக்காத பக்கம்.

நடுவில் ஒரு நாலைந்து விநாடி மட்டும் கரகரவென்று போனது. மேல் ஸ்தாயியில் ஒரு பிடியில் நின்று, சுழன்று இறங்குகிற இடம். அதற்கு முன்னாலும் பின்னாலும் சுத்தம். அது ஏன் அங்கே மட்டும் என்று எனக்கு உடனே புரிந்தது. அப்பா அந்த இடம் முடிந்ததும் எழுந்து போய், ஊசியைத் தூக்கி, கொஞ்சம் பின்னால் வைப்பார். மறுபடி கேட்பார். மறுபடி எழுந்து போவார். "அடுத்ததுக்குப் போங்களேன்" என்று அம்மா சத்தம் போடும்வரை நடக்கும்.

மற்ற இடமெல்லாம் நேர்கோட்டு முறையில் தேய்ந்திருக்கிறது. அவருக்குப் பிடித்த இடம் மட்டும் வேறு விகிதத்தில்.

ஆடிட்டர் ஒரு நடைமுறை யோசனை சொன்னான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, தட்டைப் பூட்டி வைத்துவிடலாம் என்றான். பாதி ஒப்புக்கொண்டேன். ஏற்றியாகிவிட்டது. பூட்டத்தான் மனசில்லை. உபயோகிக்காத சொத்தும் தேயும் என்று எங்களுக்கு இரண்டாம் வருஷத்திலேயே நடத்தியிருக்கிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூட்டிய தட்டுக்குப் பூஞ்சை வரும். சரியான மட்டம், சரியான எடை, நல்ல ஊசி இருந்தால் ஒரு முறை போடுவதில் தேய்வது மிக மிகக் குறைவு. நீங்களும் பரணில் இருப்பதை இறக்குங்கள். ஆனால் முதலில் தராசும் ரசமட்டமும் வாங்குங்கள். மெஷின் விலையில் அது கால்தூசு.

கிளம்பும்போது ஆடிட்டர் இன்னொன்றும் சொன்னான். கம்ப்யூட்டரில் ஏற்றிய பாட்டில் அந்தக் கரகரப்பை மட்டும் சுத்தம் செய்ய சாஃப்ட்வேர் இருக்கிறதாம். ஒரு மணி நேர வேலையாம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய வவுச்சரில் கை வைக்கக்கூடாது என்பது ஒரு ஆடிட்டருக்கு நான் சொல்லித் தெரியவேண்டுமா?