ஆறாவது ஆள் எங்கே?

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையில், இராசபாளையத்தைக் கடந்து வரும் ஊர் சங்கரன்கோவில். 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், ஆடித்தபசுத் திருவிழாவுக்கும், விசைத்தறிக்கும், பூச்சந்தைக்கும் பெயர் பெற்றது.

இங்குள்ள கோயிலின் தலவரலாறே ஒரு வழக்கில்தான் தொடங்குகிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் வாதிட்டனராம். இருவரும் ஓருருவாய்த் தோன்றவே வழக்கு முடிந்தது என்பர். நம் இல்லங்களிலோ, அப்பா வீட்டார் பெரியவரா, அம்மா வீட்டார் பெரியவரா என்னும் வழக்கு இன்னும் வாய்தாவிலேயே நிற்கிறது!

தறியோசை கேட்கும் தெருக்களில் நடக்கையில், "நெய்கிறவனுக்கு ஏன் குரங்குக்குட்டி?" என்னும் பழமொழி நினைவுக்கு வரும். நூலைச் சிக்கலாக்கத் தனியே ஓர் ஆளை வளர்க்க வேண்டுமா என்பது கருத்து. வேலை தலைக்குமேல் கிடக்க, அடுத்த வீட்டு வம்பை விலைக்கு வாங்குவோர் யாவரும் குரங்குக்குட்டி வளர்ப்பவரே. "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பதும் நாம் அறிந்ததே. உடைந்தது ஒரே குடந்தான். உடைத்த கையைப் பார்த்து விலை ஏறிவிடுகிறது.

இந்த வட்டாரத்தில்தான் குருக்கள்பட்டி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து மறைப்பணியாற்றிய வீரமாமுனிவர், 1714-ஆம் ஆண்டையொட்டி இங்கே சிறைப்பட்டு, மரண தண்டனைக்கும் உள்ளாகி, உயிர் தப்பினார். சாவின் வாயிற்படிவரை சென்று மீண்ட அவரே, பிற்காலத்தில் தமிழர் வயிறு குலுங்கச் சிரிக்கும்படி பரமார்த்த குருவின் கதையை எழுதினார். 1822-இல் அது ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரோடு குரு ஓர் ஆற்றைக் கடக்கிறார். கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான், ஐவரே இருக்கின்றனர். எத்தனை முறை எண்ணினாலும் ஐவரே! எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஆற்றோடு போகாத ஆறாவது ஆளுக்காகக் கரையில் ஒப்பாரி எழுகிறது.

நாம் சிரிக்கிறோம். ஆனால் "இந்த வீட்டில் பொறுமை உள்ளவர் ஒருவரும் இல்லை" என்று உரக்கக் கூவும் தந்தை யாரை எண்ணாமல் விட்டார்? "வரவுக்கு மேல் செலவு செய்வது யார்?" என்று வினவுவோர், தம் வெற்றிலைக்கும் பொடிமட்டைக்கும் கணக்கு வைத்ததுண்டா?

பிறரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அது பல வேளைகளில் மனத்தைப் புண்படுத்தும். தன்னையும் சேர்த்துக்கொண்டு சிரிப்பவனிடம் எவரும் கோபம் கொள்ள இயலாது. பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். இன்றிரவு வீட்டில் குறைகளை எண்ணத் தொடங்குவோர், விரலை முதலில் தம் மார்பில் வைத்து "ஒன்று" என்று தொடங்குவாராக. கணக்கும் சரியாக வரும்; ஒப்பாரிக்கும் இடமிராது.