காற்று இரைச்சல்

2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், சீனத்தின் வூகான் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த என் மகனைக் காணச் சென்றிருந்தேன். சோங்சிங், வூகான், நாஞ்சிங் ஆகிய மூன்று நகரங்களையும் சீனர்கள் ‘மூன்று உலைகள்’ என்று வழங்குவர். யாங்சி ஆறும் ஏரிகளும் சூழ்ந்த ஊர் குளிர்ந்திருக்கும் என்று எண்ணிப் போனவன் நான். அந்த நீரே வெம்மைக்குத் துணைபோவதை அங்குதான் அறிந்தேன். காற்றில் ஈரம் தேங்கி நிற்பதால் வியர்வை உலர்வதில்லை. இரவிலும் புழுக்கம் தணிவதில்லை. குளிரூட்டிகள் பெருகாத காலத்தில் மக்கள் மூங்கில் கட்டில்களைத் தெருவில் போட்டு உறங்கினார்களாம்.

இரண்டு இரவுகள் நான் புரண்டு படுத்ததைக் கண்ட மகன், “அப்பா, ஆற்றுக்கு அக்கரையில் ஹான்கோவுக்குப் போய் உங்களுக்கு ஒரு மூங்கில் பாய் வாங்கி வருவோம்” என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவனைக் காண மட்டும் நான் போகவில்லை, கண்காணிக்கவும்தான் போனேன். கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவான். அப்போதெல்லாம் பின்னணியில் ஒரே இரைச்சல்; நடுவே ஏதோ ஊதல் ஒலி. “படிக்கிற பிள்ளை ஊர் சுற்றுகிறான்” என்று துணைவியிடம் சினந்துகொள்வேன். “காற்றுதான், வேறொன்றுமில்லை” என்பாள் அவள்.

வூச்சாங் பகுதியில் பேருந்துக்காக நின்றோம். குளிரூட்டிய பேருந்துக்கு 2 யுவான். சாதாரணப் பேருந்துக்கு 1 யுவான். வேறுபாடு நம் பணத்தில் ஏறத்தாழ 10 ரூபாய். குளிரூட்டிய பேருந்து ஒன்று வந்து நின்றது, அவன் அசையவில்லை. மற்றொன்றும் வந்து போயிற்று.

“ஏனப்பா, இது போகாதா?”

அவன் திடுக்கிட்டு, “போகும் அப்பா. நீங்கள் உடன் இருப்பதை மறந்துவிட்டேன். விட்டுவிட்டுப் பழகிவிட்டது” என்றான்.

அடுத்து வந்த சாதாரணப் பேருந்தில் நானே முதலில் ஏறினேன். நெரிசலில் ஓர் இளம்பெண் எழுந்து எனக்கு இடம் தந்தாள்.

யாங்சியின் அடியே செல்லும் சுரங்க இரயில் 2012 டிசம்பர் முதல் ஓடுகிறது. உள்ளே நல்ல குளிர்ச்சி. ஆனால் நாங்கள் ஒன்றரை யுவான் கொடுத்துப் படகில் ஏறினோம். கரையை விட்டு நகர்ந்ததும் காற்று பாய்ந்து வந்தது. அப்போது படகு ஊதியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது எனக்குத் தெரிந்த ஒலி.

“ஞாயிறுதோறும் இங்கிருந்துதான் பேசுவாயா?”

“ஆமாம் அப்பா. அறையில் புழுக்கம் தாங்காது. அங்கே நண்பர்கள் வேறு இருப்பார்கள். அம்மா குரலைக் கேட்டால் எனக்குக் குரல் தழுதழுத்துவிடும். இங்கே யாருக்கும் கேட்காது.”

மேலே மோட்டார் வண்டிகளும் கீழே இரயில்களும் செல்லும், 1957இல் கட்டப்பட்ட பெரும் பாலம் தொலைவில் தெரிந்தது. அதைப் பார்ப்பவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஹான்செங் தெருவில் மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் இடையே புகுந்து நடந்தோம். விரற்கடை அகல மூங்கில் சில்லுகளைக் கோத்த பாய் ஒன்றைத் தேர்ந்தேன். கடைக்கார அம்மையார் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டினார். இரண்டு விரல், 20 யுவான் என்று மகிழ்ந்து பணத்தை எடுத்தேன். மகன் சிரித்தான். அது எட்டைக் குறிக்கும் சைகையாம். விலை 80 யுவான். பிறகு அவன் சீன மொழியிலேயே பேசிப் பேசி 55 யுவானுக்கு முடித்தான். ஊரில் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கி வந்தவன் அவன்.

பச்சைப்பயற்றை வேகவைத்துச் சர்க்கரையிட்டுக் குளிரவைத்த கஞ்சியைத் தெருவோரத்தில் விற்றார்கள். ஒரு குவளை மட்டும் வாங்கி என்னிடம் நீட்டினான். நான் இன்னொன்று வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

“களைத்துவிட்டீர்கள் அப்பா, சுரங்க இரயிலில் திரும்புவோம்” என்றான், சுருட்டிய பாயைத் தோளில் ஏற்றியபடி.

“வேண்டாம், படகிலேயே போவோம்.”

நடு ஆற்றில் துணைவியை அழைத்தேன். எடுத்ததும், “என்ன இது, ஒரே இரைச்சலாக இருக்கிறதே?” என்றாள்.

“காற்றுதான், வேறொன்றுமில்லை” என்றேன்.