கல்கோங் கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு விடுமுறையில் சிட்னியில் வாழும் என் தமையனாரிடம் சென்றிருந்தேன். அவர் என்னைத் திராட்சை மதுவுக்குப் பெயர்பெற்ற மட்ஜிப் பகுதிக்கு அழைத்துச் சென்றார். கொடிகள் அணியணியாய் நின்ற தோட்டங்களைக் கடந்ததும் கல்கோங் என்னும் சிற்றூர் எதிர்ப்பட்டது. ஒடுங்கி வளைந்த தெரு. இருமருங்கும் பழைய மரக்கட்டடங்கள். 1870ஆம் ஆண்டில் இங்கே பொன் கண்டெடுக்கப்பட்டதும் பல்லாயிரவர் வந்து குவிந்தனர். பொன் அருகியதும் அகன்றனர்.

ஆயினும் அவர்தம் முகங்கள் அழியவில்லை. 1872இல் மெர்லின், பெய்லிஸ் என்னும் இருவர் கடைதோறும் சென்று, வாயிலில் நின்றோரைக் கண்ணாடித் தகடுகளிற் படம்பிடித்தனர். அப்படங்களும் அடங்கிய ஏறத்தாழ 3,500 தகடுகள் 1951இல் சிட்னியில் ஒரு வீட்டுத் தோட்டக் கொட்டிலிற் கண்டெடுக்கப்பெற்றன. இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில் அப்படங்களைக் காணலாம். பெயரறியா வணிகர் ஒருவர் படத்திலிருந்து என்னை நேரே நோக்கினார், நான் தலைகுனிந்தேன்.

ஏனெனில், பல்லாண்டுகளுக்கு முன் நம் கல்லூரியின் பழைய வகுப்புப் படங்களைக் கறையான் அரித்த குப்பையென்று எரிக்க இசைந்தோருள் நானும் ஒருவன். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசானின் ஒரே படமும் அவற்றோடு எரிந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன்.

பழைய மாணவ அன்பர்களே! உங்கள் பெட்டிகளின் அடியிற் படங்கள் கிடப்பின், பெயர்களை எழுதிக் கல்லூரிக்கு அனுப்பிவையுங்கள். ஒருகால் அவற்றுள் என் ஆசானும் நிற்றல் கூடும்.