முடியைத் தள்ளிப் பார்

அம்மாடி, நேற்று ராத்திரி உன் போனில் காட்டினாயே, அந்த வெள்ளைப் பெர்ஷியன் பூனைக்குட்டி அழகுதான். “டால் ஃபேஸ், டிரிபிள் கோட், பேப்பரும் இருக்கு தாத்தா, நாளைக்குள்ள அட்வான்ஸ் போடணுமாம்” என்று மூச்சுவிடாமல் சொன்னாய். ‘நாளைக்குள்ள’ என்றதும் எனக்குத் தோல் மண்டி ஞாபகம் வந்துவிட்டது. லாரி கிளம்பப் போகிறது என்று அவசரப்படுத்துகிற வியாபாரி, கட்டின் அடியில் கிடக்கிற தோலைக் காட்டவே மாட்டான்.

ஆம்பூர் டேனரியில் 36 வருஷம் செலக்‌ஷன் மேஜையில் நின்றவன் நான். பச்சைத் தோல் முடியோடு வந்து இறங்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுண்ணாம்பில் ஊறி முடி கழன்ற பிறகுதான் உண்ணி கடித்த புள்ளியும், முள்வேலி கிழித்த கோடும், மாட்டுக்கு இழுத்த சூடும் வெளியே வரும். கைப்பழக்கம் உள்ளவன் அதற்கு முன்பே முடிக்குள் விரலை விட்டுத் தடவிச் சொல்லிவிடுவான். பெர்ஷியன் பூனைக்கும் அந்த விரல்தான் வேண்டும். தடவிப் பார்த்தால் பஞ்சுமூட்டைக்குள் வெறும் விலா எலும்பு தட்டுப்படலாம். வட்டமாக முடி உதிர்ந்த இடம் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இந்த இனத்துக்கு அது அடிக்கடி வரும், நம் கைக்கும் ஒட்டும். வாலைத் தூக்கிக் கழிச்சல் கறை இருக்கிறதா என்று பார். நீலக் கண் உள்ள வெள்ளைக் குட்டிகளில் செவிடு அதிகம். அது பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டு.

மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறுகிறது. ‘பஞ்ச் ஃபேஸ்’ என்கிறார்கள். கண்ணீர் வடிகிற குழாய் வளைந்துபோய்க் கண்ணில் நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும், மூச்சும் இழுக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற நம் ஊரில், கம்பளி போர்த்திய மாதிரி இருக்கிற பிராணிக்கு அந்த மூக்கும் வேண்டுமா? மூக்கு வெளியே தெரிகிற டால் ஃபேஸைக் கேட்டாயே, அந்த மட்டும் உனக்குப் புத்தி இருக்கிறது.

விரலுக்கும் தெரியாத கோளாறு ஒன்று உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளருகிற பரம்பரை நோய். பல நாடுகளில் சோதித்தபோது பெர்ஷியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது இருந்தது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் இருந்தாலே குட்டிக்கு இறங்கலாம். குட்டி துள்ளி விளையாடும். பெரும்பாலும் நடுவயதில்தான் படுக்கும். காரணமான மரபணு 2004-லேயே தெரிந்துவிட்டது. கன்னத்தின் உள்புறம் பஞ்சால் துடைத்து எடுத்து அனுப்பினால் முடிவு வந்துவிடும். ‘பேப்பர்’ இருக்கிறது என்று விற்கிறவர் சொன்னாரே, அவரிடம் பெற்றோரின் இந்தச் சோதனை முடிவைக் கேள். வம்சப் பட்டியல் மட்டும் நீட்டினால் அது ஊர்ப்பெயர் மாதிரி, உள்ளே இருப்பதைச் சொல்லாது. மரபணுவைப் பார்த்தால் பெர்ஷியனே ஈரான் பூனைகளைவிட ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருக்கமாம். நாங்கள் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு இன்னும் ‘ஈஸ்ட் இந்தியா’ என்று பெயர் இல்லையா?

தாய்ப்பூனையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. எட்டு வாரம் நிறையாத குட்டியைக் கடையில் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதி போட்டது. விவரம் தெரிந்து வளர்ப்பவர்கள் பன்னிரண்டு வாரம் வரை தாயிடமே விடுவார்கள்.

இதையெல்லாம் நான் கெட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உன் அம்மா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சென்னையில் ஒரு கடையில் சாம்பல் நிறக் குட்டி வாங்கிக் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது. தடுப்பூசி போட்டதா என்று நான் கேட்கவே இல்லை. தோலில் அத்தனை கறாராகப் பேரம் பேசியவன்! மூன்றாம் நாள் வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல், ஐந்தாம் நாள் போய்விட்டது. அதற்கப்புறம் உன் அம்மா இந்த வீட்டில் பூனையைச் சேர்க்கவில்லை. உனக்காகத்தான் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் முதலாளி பாய், குடோனில் திரிகிற பூனைகளை யாரும் விரட்ட விடமாட்டார். பூனையை அடைத்துப்போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண் நரகத்துக்குப் போன கதையை நபி சொல்லியிருக்கிறார் என்பார். அவள் பூனையை அடித்ததாக அந்தக் கதையில் இல்லை, கவனித்தாயா? தீனி போடவில்லை, வெளியே விடவும் இல்லை, அவ்வளவுதான்.

பன்னிரண்டு, பதினைந்து வருஷம் உயிரோடு இருக்கும். தினமும் கால் மணி நேரம் சீவ வேண்டும். விட்டால் முடி கட்டியாகத் திரண்டு தோலை இழுக்கும். நீ ஷூ கம்பெனி வேலையாக ஓசூருக்கோ பெங்களூருக்கோ போனால் யார் சீவுவது? நாட்டுப்பூனை எடுத்துக்கொள் என்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாய், சொல்லவில்லை.

அட்வான்ஸ் போடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், தாய்ப்பூனையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் அந்த ஆளிடம் சொல். வரச்சொன்னால் காலை ரயிலுக்குப் போகலாம். பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் வருகிறேன்.